சதுரத்தின் இரண்டு பக்கங்கள்

ஜனவரி 6

அன்புள்ள எலிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உன் அத்தான் சௌக்கியம். என் முட்டிதான் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது.

போன் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் கீழ் வீட்டம்மாவின் கூடத்துப் போனில் பேசினால் அந்த வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அது போதாதென்று, போனில் நாம் இரண்டு பேரும் சண்டை போடாமல் வைத்ததே இல்லை. கடிதத்தில் சண்டை போட்டால் தபால்காரராவது நடுவில் நின்று கொஞ்சம் ஆற வைப்பார்.

விஷயம் இதுதான். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நுண்ணுயிரியல் புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் பாக்டீரியா, ஆர்க்கியா இரண்டின் செல் அமைப்பைப் பற்றிய அத்தியாயம் முடிந்துவிட்டது. படம் வரைய ஆள் தேட வேண்டும் என்றார் பதிப்பகத்தார். "ஆள் எதுக்குத் தேடறீங்க? என் தங்கச்சி இருக்கா. அவ போட்ட கோட்டுல எறும்பு கூடத் தடுக்காது" என்று சொல்லிவிட்டேன். என் மானம் உன் கையில்.

என் கிறுக்கல்களை உடன் வைத்திருக்கிறேன். முதல் படம் ஒரு பாக்டீரியா. அறிவியல் உனக்கு வேப்பங்காய் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே வழவழப்பாக ஓர் உறை. அதற்குள் சுவர், சுவருக்குள் சவ்வு. சவ்வுக்குள் எல்லாமே ஒரே அறைதான். நம் செல்லில் இருப்பதுபோல உட்கரு என்று தனி அறை கிடையாது. டி.என்.ஏ. நடுவில் சுருண்டு கிடக்கும், சுற்றிலும் புள்ளி புள்ளியாக ரைபோசோம்கள். வெளிப்புறம் முழுக்க ரோமம் போல நுண்ணிழைகள், ஒரு முனையில் நீந்துவதற்கு நீளமான கசையிழை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சுவர் எங்கேயும் விட்டுப்போகக் கூடாது. செல்லுக்குள் அழுத்தம் அதிகம். சுவரில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே ஏறி வெடித்துவிடும்.

பெரிய தாளிலேயே வரை, அச்சில் சுருக்கிக்கொள்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு என் தனி விசாரிப்பு. அவர் நலம். பணிமனையில் பழைய பஸ்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் படுத்துவிட்டனவாம், கிரீஸ் வாசனையோடு வீடு வந்து சேர்கிறார். கீழ் வீட்டம்மாவும் நலம். உன் போன் வராமல் அவருக்குத்தான் பொழுது போகவில்லை.

உன் பாக்டீரியாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சமையல், படுக்கை, பெட்டி, பீரோ எல்லாம் ஒரே அறையில். எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எழுதினாயா? இந்த ஒற்றை அறைக்குள் நானும் அவரும் எட்டுப் பேர் மாதிரி இடித்துக்கொண்டு திரிகிறோம். கொஞ்ச நாளாக நான் கதவு நிலையில் வேறு இடித்துக்கொள்கிறேன். "கதவு எங்க இருக்குன்னு இன்னும் மனப்பாடம் ஆகலையா?" என்று கேட்கிறார்.

படத்தை முடித்துவிட்டேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். தாளைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டினால் முடியும் வரை கழற்ற மாட்டேன், திருப்பவும் மாட்டேன். தாளைத் திருப்பித் திருப்பி வரைகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கோடு வளையும் இடத்தில் கையை வளைக்கத் தெரியாதவர்கள். முதலில் பென்சில், அதன் மேல் மை, மை காய்ந்ததும் பென்சிலை அழிப்பது. பென்சில் கோடு மிச்சம் இருந்தால் அதை என் படம் என்று சொல்ல மாட்டேன்.

பலகைமேல் கவிழ்ந்து ரைபோசோம் புள்ளி வைத்து வைத்துத் தலைதான் விண் விண்ணென்று தெறிக்கிறது. வெயிலாக இருக்கும். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

எலி


பிப்ரவரி 5

அன்புள்ள எலிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையின் பஸ்கள் எழுந்து நடக்கின்றனவா?

குசலம் முடிந்தது, இனி சண்டை. படத்தின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். டி.என்.ஏ. சுருளை இப்படி யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு முனைகளிலும் என்ன ஆயிற்று? இடது முனையில் சுவருக்கு மை இல்லை. வலது முனையிலும் இல்லை. நுண்ணிழைகள் மேலேயும் கீழேயும் அடர்த்தியாக இருக்கின்றன, முனைகளில் ஒன்றுகூட இல்லை. கசையிழை பாதியில் நிற்கிறது. இதையெல்லாம் விட, பென்சில் கோடுகள் அப்படியே கிடக்கின்றன. பென்சில் மிச்சம் வைத்தால் உன் படமே இல்லை என்று அதே உறையில்தான் எழுதியிருக்கிறாய்.

அவசர வேலையா? இந்தச் செல்லைத் தண்ணீரில் போட்டால் அந்தக் கணமே வெடித்துவிடும், என் புத்தகத்தோடு சேர்த்து. பதிப்பகத்தார் கண்ணில் படுவதற்குள் திருப்பி அனுப்புகிறேன், சரிசெய்து கொடு.

இன்னொன்று. உன் கடிதத்தில் கீழ் வீட்டம்மாவின் நலம் வரைக்கும் இருக்கிறது. உன் நலத்தை எங்கே ஒளித்து வைத்தாய்?

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

படம் வந்தது. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. சத்தியமாக முனைகளுக்கு மை போட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்ட மாதிரி கைக்குக்கூட நினைவிருக்கிறது. எப்படி விட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. சரிசெய்து அனுப்பியிருக்கிறேன், இனி உன் செல் வெடிக்காது.

என் நலம் கேட்டாய். நலம்தான். நலத்துக்கும் மேலே ஒன்று இருக்கலாம். கொஞ்ச நாளாக மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை, கவனம் சிதறுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். என்ன ஏது என்று கேட்காதே. வாயைத் திறந்தால் கலைந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உனக்கே தெரியும், நான் எதற்குப் பயப்படுவேன் என்று.

அடுத்த கிறுக்கலை அனுப்பு.

எலி


மார்ச் 9

என் எலிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த முறை எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

உன் கடிதத்தை உன் அத்தானிடம்கூடக் காட்டவில்லை. நீ சொல்லாததை நானும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? போன விடுமுறையில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாய். மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்று "பரவாயில்ல, விடு" என்றார். நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன். பத்து வருடமாக மாதம் தவறாமல் இது நடக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தத் தடவை குழாயைத் திறக்க வேண்டியிருக்காது என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யாரும் இல்லை.

பரிசோதனை செய்தாயா? டாக்டரைப் பார்த்தாயா? தலைவலியையும் இடித்துக்கொள்வதையும் சொல். ஒன்றும் இருக்காது, ஆனாலும் சொல்.

இனி ஆர்க்கியா. பார்வைக்குப் பாக்டீரியா மாதிரியே இருக்கும், ஆனால் வம்சமே வேறு. பாக்டீரியாவின் சுவர் சர்க்கரையும் புரதமும் கோத்த ஒரு வலை. அந்த வலை இதற்குக் கிடையாது. பல ஆர்க்கியாவுக்குப் புரதத்தைத் தகடு தகடாகப் பதித்த ஒரு மேலுறைதான் சுவர். சவ்வில் இருக்கும் கொழுப்பும் வேறு விதமாகப் பிணைந்தது. கொதிக்கிற ஊற்றிலும் உப்பு கரிக்கும் பாத்தியிலும் அது பாட்டுக்கு வாழ்கிறது. உப்பு நீரில் ஒன்று இருக்கிறது, கேட்டால் சிரிப்பாய், அது சதுரம்! தபால்தலை போலத் தட்டையாக, நாலு மூலையோடு, உள்ளே மிதப்பதற்குக் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகளோடு. அதைத்தான் இந்த முறை வரைய வேண்டும். உனக்கு ஸ்கேலே போதும்.

சிரமப்படாமல் செய். படத்துக்கு அவசரமில்லை.

அக்கா


மார்ச் 30

அக்கா,

அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? நான் நலம். இந்த வார்த்தையை இப்படி நிறைவாக எழுதி எத்தனையோ வருடமாகிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக வரவில்லை. பரிசோதனை செய்யவில்லை, இப்போதைக்குச் செய்யவும் மாட்டேன். அந்த அட்டையில் ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கோடு போட்டுப் பிழைக்கிறவள் நான், எனக்கு அந்த ஒரு இரண்டாவது கோடு மட்டும் விழ மாட்டேன் என்கிறது. இந்த முறை உடம்பு தானாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டது. போன வாரம் ரவிக்கை நனைந்திருந்தது. பால், அக்கா. அவரிடம் காட்டினேன். மனிதர் கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரிடம் போனால் ஸ்கேன், ஊசி என்று ஆரம்பிப்பார்கள். வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? இன்னும் கொஞ்சம் போகட்டும்.

சதுரத்தைச் சிரித்துக்கொண்டேதான் வரைந்தேன். நாலு மூலையும் நறுக்கென்று வந்திருக்கிறது பார். பென்சிலை அழித்தாயிற்றா என்று ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்துவிட்டேன். உனக்குக் குறை சொல்ல இடமே வைக்கவில்லை.

எலி


ஏப்ரல் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேலை செய்யும் இடத்துக்கு எழுதுகிறேனே என்று திகைக்க வேண்டாம். உங்கள் உடம்பு சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். பணிமனைக்குப் போன் செய்திருக்கலாம், என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் அனுப்பிய சதுரம் வந்தது. அதில் மேல் கோடு இருக்கிறது, கீழ்க் கோடு இருக்கிறது. இடது பக்கமும் வலது பக்கமும் இல்லை. அந்த இரண்டு இடத்திலும் வெறும் பென்சில். காற்றுப் பைகள் எல்லாம் நடுவில் கூட்டமாக இருக்கின்றன, ஓரத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் நாலு மூலையும் நறுக்கென்று வந்திருப்பதாக எழுதியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் அவளுக்கு அது தெரியவே இல்லை.

இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இங்கே ஒரு கண் டாக்டரிடம் போனேன். ஒரு காரியம் செய்யச் சொல்லியிருக்கிறார். அவளை எதிரே உட்காரவைத்து உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கைகளையும் அவள் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்து விரலை ஆட்டுங்கள். எந்த இடத்தில் விரல் தெரிகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். நல்ல கண் என்றால் கை தோளுக்கு நேராக வரும்போதே தெரிந்துவிடும்.

டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அதை உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள். அவளைத் தனியாக ரோட்டைக் கடக்க விட வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 17

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வராது, தப்பு இருந்தால் மன்னிக்கவும். ஸ்பேனர் பிடிக்கிற கை.

நீங்கள் சொன்ன மாதிரி செய்தேன். "என்ன புது விளையாட்டு?" என்று சிரித்தாள். காதுப் பக்கத்தில் விரலை ஆட்டினேன், சும்மா இருந்தாள். தோளுக்கு நேராகக் கொண்டுவந்தேன், சும்மா இருந்தாள். கன்னத்தைத் தாண்டி, கண்ணின் வெளி ஓரத்துக்குக் கிட்டே வந்த பிறகுதான் "ஆங், இப்பத் தெரியுது" என்றாள். இரண்டு பக்கமும் அப்படித்தான். "ஆரம்பிங்களேன், எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்கறது?" என்று அவள் நடுவில் கேட்டபோது என் விரல் அவள் காதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, அக்கா.

போன மாதம் ஒரு சைக்கிள்காரர் பக்கத்திலிருந்து வந்து அவள்மேல் மோதப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டேதான் வந்தார். அவர் கண்ணு தெரியாதவர் என்று இவள் திட்டினாள், நானும் சேர்ந்து திட்டினேன்.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுகிறாள். அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். நானும் மடத்தனமாக ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். பணிமனையில் மிச்சம் கிடந்த கம்பியை வளைத்து, தொட்டில் மாட்ட ஒரு கொக்கி அடித்து, அறையின் உத்தரத்தில் பொருத்திவிட்டேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

உங்கள் டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி என்ன? எனக்குச் சொல்லாவிட்டாலும் அவளுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 23

எலி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க இந்த முறை முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் சதுரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பலகையில் மாட்டி, வரைகிற மாதிரியே கிட்டத்தில் உட்கார்ந்து பார். பிறகு கிளிப்பைக் கழற்றிவிட்டு உனக்குப் பிடிக்காத காரியத்தைச் செய். தாளைக் கால்வட்டம் திருப்பு. பக்கவாட்டில் இருந்தது மேலேயும் கீழேயும் வரும். அப்போது என்ன தெரிகிறது என்று பார்.

நான் படத்தை ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். மாப்பிள்ளை விளையாடியது விளையாட்டு இல்லை, நான்தான் செய்யச் சொன்னேன். உன் இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் என்னைக் கேட்டார்: "அவங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கா வருதா? மார்ல பால் கசியுதுன்னு சொன்னாங்களா?" உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு வகைக் கட்டி வந்தால் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறிவிடும். பால் வரும், மாதவிலக்கு நின்றுவிடும். வயிற்றில் பிள்ளை இருக்காது. கட்டி வளர்ந்தால், மேலே குறுக்காகக் கடக்கிற கண் நரம்புகளை அழுத்தும். அப்போது இரண்டு ஓரமும் மறையும், தலை வலிக்கும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் நாள் கடத்தினால் போன பார்வை திரும்பாது என்கிறார்.

நான் சொல்வது தப்பாக இருக்கலாம். முதலில் அந்த அட்டையில் பார். இரண்டு கோடு விழுந்தால் நான் வாயாடி, பொய்க்காரி. கீழ் வீட்டம்மா போனில் கூப்பிட்டு என்னைத் திட்டு, தெருவே கேட்கட்டும், ஆனந்தமாக வாங்கிக்கொள்கிறேன். ஒற்றைக் கோடு என்றால் அன்றைக்கே மாப்பிள்ளையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

இதை எழுதுவதற்குள் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறதடி. உனக்குப் பிள்ளை வேண்டாம் என்றா நான் நினைப்பேன்?

அக்கா


மே 4

அக்காவுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். உன் இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

ஒரு சதுரத்தைப் பார்த்து என் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாய். படித்தவள் அல்லவா? என் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாய். என் வீட்டுக்காரருக்கும் ரகசியமாக எழுதிக் காரியம் சாதித்திருக்கிறாய். எல்லோருமாகச் சேர்ந்து என்னை வைத்து விளையாடிவிட்டீர்கள்.

தாளை நான் திருப்ப மாட்டேன். இருப்பது இருக்கட்டும், இந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். போன் செய்யாதே. இங்கே வரவும் வராதே.


மே 31

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீங்கள் போட்ட கார்டுகள் எல்லாம் வந்தன. அவள் ஒன்றையும் படிக்கவில்லை, ஆனால் ஒன்றையும் தூக்கிப் போடவும் இல்லை. மைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தேன். தாள் பலகையில் குறுக்கே திருப்பி மாட்டியிருந்தது. "ஏங்க, இங்க வாங்க. இதுல எத்தன பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன். "நீங்க மொதல்லயே பாத்தீங்களா?" என்றாள். நீங்கள் திருப்பி அனுப்பியது வந்த அன்றைக்கே பார்த்தேன், அக்கா. "பாத்தேன்" என்றேன். "அப்புறம் ஏன் சொல்லல?" என்று கேட்டாள். நான் அந்தக் கொக்கியைப் பார்த்தேன். "சரி, போய் அந்த அட்டைய வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஒற்றைக் கோடுதான்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். ஸ்கேன் எடுத்தார்கள். நீங்கள் எழுதியதேதான். புற்று இல்லை என்றார்கள். கத்தி வைக்காமல் மாத்திரையிலேயே சுருக்கப் பார்க்கலாம், கேட்காவிட்டால்தான் ஆபரேஷன் என்றார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைத்தான் தினமும் மென்றுகொண்டிருக்கிறேன். மாத்திரை போட்டால் தலை சுற்றி வாந்தி எடுக்கிறாள். அதற்கும் அவளுக்குக் கோபம். "வாந்தி மட்டும் வருது பாருங்க" என்கிறாள்.

அதிகம் பேசுவதில்லை. கொக்கியைக் கழற்றிக் கருவிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். நீங்கள் இப்போது வர வேண்டாம். அவளாக எழுதுவாள்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு முட்டியில் ஆரம்பிக்கிறேனே என்று சிரிக்காதே. வேறு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கார்டுகளை எல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டிலும் ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கிறாய், "படத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை" என்று. பதிப்பகத்தார் உன்னை என்ன பாடுபடுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உன்மேல் ரொம்பக் கோபமாக இருந்தேன். நீ சொன்னது தப்பு என்பதால் இல்லை. நீ சரியாகத்தான் சொல்கிறாய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டதால்.

மாத்திரை பழகிவிட்டது. போன மாதம் மறுபடி பார்வையைச் சோதித்தார்கள். வலது பக்கம் நன்றாக விரிந்திருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் மசமசவென்றுதான் இருக்கிறது, அது அப்படியே நின்றுவிடவும் கூடும் என்றார் டாக்டர். அதற்கு நான் ஒரு வழி செய்துகொண்டேன். தாளைத் திருப்பித் திருப்பி வரைகிறேன். ஆமாம், நானேதான். யாரிடமும் சொல்லிவிடாதே. கதவு நிலையும் இப்போது எனக்கு வழி விடுகிறது. நேற்று ஒரு சைக்கிள்காரரை வெகு தூரத்திலேயே பார்த்து ஒதுங்கினேன். ஒதுங்கிவிட்டு அங்கேயே நின்று அவர் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்ன நினைத்தாரோ.

இத்துடன் சதுரம் இருக்கிறது. நாலு பக்கம். புரதத் தகடு ஒவ்வொன்றும் ஓரம் வரைக்கும் போகிறது, காற்றுப் பைகளும்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார். கொக்கியையும் மறுபடி மாட்டச் சொல்லிவிட்டேன், இப்போதைக்கு என் படப் பை அதில் தொங்குகிறது. சுரப்பி ஒழுங்குக்கு வந்தால் மற்றதும் ஒருவேளை ஒழுங்குக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னார். ஒருவேளை என்றுதான் சொன்னார். அதை நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு சேதி பாக்கி இருக்கிறது. கட்டி சுருங்கினால் நின்றுபோன மாதவிலக்கும் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதமாக நான் நாளைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை குளியலறையில் நெடுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "வந்துடுச்சுங்க" என்றேன். பத்து வருடப் பழக்கம், அவர் வாய் தானாகவே "பரவாயில்ல, விடு" என்றது.

கதவைத் திறந்தேன். மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார். நான்தான் அவரிடம் "பரவாயில்ல, விடுங்க" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உன் எலி